கள்ளுக்கடை வரியும் பள்ளிக்கூடச் செலவும்

ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் ஒரு விந்தையான பிணைப்பு இருந்தது. பகலெல்லாம் வயலில் உழைத்த கூலியாள் மாலையில் கள்ளுக்கடையில் வைத்த காசில் ஒரு பங்கு அரசாங்கக் கருவூலத்தை அடைந்தது. அக்கருவூலத்திலிருந்து புறப்பட்ட பணத்தில் ஒரு பங்கு அவனூர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்க்குச் சம்பளமாயிற்று. தந்தை குடித்தால் மகன் படிக்கலாம். தந்தை குடியை நிறுத்தினால் பள்ளிக்குப் பணம் குறையும். இப்பிணைப்பை அறுக்க வேண்டும் என்று ஒரு சாராரும், அறுத்தால் அரசு நடவாது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். வரி என்பது யாரிடம், எவ்வளவு, எதன்பொருட்டு வாங்கப்படுதல் முறை என்னும் பெரிய வினாவைத் தமிழ்நாட்டு மக்கள் தம் கண்முன்னே கண்ட வழக்கு இது.

வரியைப் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றில் பிசிராந்தையார் என்னும் புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அறிவுரை கூறுகின்றார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்தின் விளைவே யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுட் புகுந்தால், அது தின்பதைக் காட்டிலும் அதன் காலடியில் மிதிபட்டு அழிவதே மிகுதி. அரசன் வரி கொள்ளும் முறையும் அத்தகையதே என்பது அவர் கருத்து. முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப் பெயர் வழங்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயினும், புலவர் பேசியது கொள்ளும் அளவையும் கொள்ளும் முறையையும் பற்றியே. யானைக்கு இடும் கவளம் எவ்வயலில் விளைந்தது என்னும் வினா அப்பாட்டில் எழவில்லை. சென்னை மாகாணத்தில் எழுந்தது அவ்வினாவேயாகும்.

மாகாண அரசாங்கத்திற்கு வருவாய் வரும் வழிகள் அக்காலத்தில் மிகச் சிலவே. வருமான வரியும் சுங்க வரியும் உப்பு வரியும் மைய அரசாங்கத்தைச் சார்ந்தவை. மாகாணத்திற்கு நிலத்தீர்வை, ஆப்காரி எனப்பட்ட மதுவரி, முத்திரைத்தாள் கட்டணம் ஆகியவையே பெரும்பாலும் எஞ்சின. இவற்றுள் மழை பொய்த்தால் நிலத்தீர்வை குறையும். விலை வீழ்ந்தால் உழவன் கட்டமாட்டாமல் தள்ளுபடி கேட்பான். மதுவரியோ அவ்வளவு எளிதில் தளர்வதன்று. மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கு அதனின்றும் வந்தது என்றால், ஆட்சியாளர் அதனைக் கைவிட அஞ்சியதில் வியப்பில்லை.

அவ்வரி வாங்கப்பட்ட முறையையும் அறிதல் வேண்டும். கள் இறக்கும் தென்னைக்கும் பனைக்கும் மரத்திற்கு இவ்வளவு என்று மரவரி உண்டு. கள்ளுக்கடைகள் ஆண்டுதோறும் ஏலத்தில் விடப்பட்டன. ஏலத்தில் மிகுந்த தொகை கேட்டவர்க்கே கடை. அவ்வாறு குத்தகை எடுத்தவர், தாம் அரசாங்கத்திற்குக் கட்டிய தொகையையும், மரமேறிக்குக் கொடுத்த கூலியையும், கடை வாடகையையும், தம் இலாபத்தையும் ஒருசேரக் குடிப்பவனிடமிருந்தே ஈட்டியாக வேண்டும். ஆகவே, எவ்வளவு மிகுதியாகக் குடிக்கச் செய்கின்றாரோ அவ்வளவு அவர்க்கு நன்மை. அரசாங்கம் தன் வாயால் குடி என்று சொல்லவில்லை. சொல்லும் வேலையைக் குத்தகைதாரரிடம் ஏலத்தில் விட்டிருந்தது.

1919-ஆம் ஆண்டின் அரசியற் சீர்திருத்தச் சட்டத்தால் இரட்டையாட்சி என்னும் முறை வந்தது. அதன்படி நீதி, காவல், நிதி போன்ற துறைகளை ஆளுநர் தம் நிருவாகக் குழுவினரோடு வைத்துக்கொண்டார். கல்வி, பொதுச் சுகாதாரம், வேளாண்மை முதலியன மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களினின்று அமர்த்தப்பெற்ற அமைச்சர்களிடம் விடப்பட்டன. ஆப்காரித் துறையும் அவ்வாறே அமைச்சர்களிடம் விடப்பட்டது. பள்ளிக்கூடம் வேண்டுமென்று மக்கள் அமைச்சரைக் கேட்டனர். அவ்வமைச்சரவையின் கையில் இருந்த பெரிய வருவாயோ கள்ளும் சாராயமும் தந்த வருவாய். மதுவை ஒழித்தால் கல்வி குன்றும், கல்வியை வளர்த்தால் மதுவை ஒழிக்க இயலாது என்னும் இக்கட்டில் அமைச்சர்கள் நின்றனர். வேண்டுமென்றே அமைத்த பொறியோ, தற்செயலாய் நேர்ந்ததோ, விளைவு ஒன்றுதான்.

மதுவரியை ஆதரித்தவர் கூறிய காரணங்களை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. உணவுக்கும் உடைக்கும் வரியிட்டால் எவனும் தப்ப முடியாது. மதுவரியோ விரும்பிக் குடிப்பவன் மேல் மட்டுமே விழுவது. வேண்டாதவன் கட்ட வேண்டுவதில்லை. தீய பழக்கத்திற்குத் தண்டமாகவும் அது அமைகின்றது. அத்தண்டம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பயன்படுகின்றது. இதனைக் காட்டிலும் முறையான வரி வேறு யாது என்று அவர்கள் வினவினர்.

இதற்கு மதுவிலக்கை வேண்டியவர் கூறிய மறுமொழி கணக்கைச் சார்ந்தது. நாள் ஒன்றுக்கு நான்கணா கூலி பெறும் ஒருவன் அதில் இரண்டணாவைக் கடையில் வைக்கின்றான் என்று கொள்வோம். அவ்விரண்டணா முழுவதும் அரசாங்கத்தைச் சேர்வதில்லை. ஒரு பகுதியே கருவூலத்தை அடையும். எஞ்சியது இடையில் உள்ளவர் கைகளிலேயே தங்கும். ஆகவே, அரசாங்கத்திற்கு ஒரு ரூபாய் வருவதற்கு ஏழைக் குடும்பம் ஒரு ரூபாயினும் மிகுதியாக இழக்கின்றது. அதன்மேல், மறுநாள் வேலைக்குப் போகாமையால் இழந்த கூலி வேறு. வரியைக் கட்டுபவன் விரும்பிக் கட்டுகின்றான் என்னும் கூற்றும் பொருந்தாது. காசை வைப்பவன் கணவன். அதனால் அடுப்பெரியாமல் இருப்பவள் மனைவி. பட்டினி கிடப்பவை குழந்தைகள். அவர்கள் விரும்பினார்களா என்று யாரும் கேட்டதில்லை. மேலும், கள்ளையும் சாராயத்தையும் நாடியவர் பெரும்பாலும் உழவுக் கூலிகளும் ஆலைத் தொழிலாளரும் வண்டியோட்டிகளுமே. ஆகவே, மாகாணத்தின் கால்பங்கு வருவாயை அதன் மிக ஏழையரே சுமந்தனர். நிலமும் வாணிகமும் உடையோர் பிள்ளைகள் கல்லூரி வரை சென்று படித்த செலவிலும் அக்கூலியாளின் காசு கலந்திருந்தது. அவன் பிள்ளையோ பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் வாயிலையும் மிதித்ததில்லை. இந்த வாதத்தின் கூர்மையான பகுதி இதுவே. குடி தீது என்பது அறநூல்கள் அனைத்தும் கூறியது. அது வரிமுறையிலும் தீது என்பதே இவர்கள் புதிதாய்க் காட்டியது.

இக்கருத்தைச் செயலாக்க முனைந்தவர் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார். சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கி, அந்நகராண்மைக் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றிய இராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சுற்றுப்புறச் சிற்றூர்களில் குடியின் கொடுமையை அவர் நேரிற் கண்டறிந்தார். 1929-இல் ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குத் திங்களிதழை அங்கிருந்து தொடங்கினார். எழுத்தாளர் கல்கி அவ்விதழ்ப் பணியில் அவர்க்குத் துணை நின்றார். அடுத்த ஆண்டே, 1930 ஏப்பிரலில், திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்குத் தொண்டர்களோடு நடந்து சென்று உப்புச் சட்டத்தை மீறிச் சிறை புகுந்தார். ஏழையும் செல்வனும் ஒரே அளவாய் உண்ணும் உப்புக்கு வரியிடுதல் கொடுமை என்பதே அப்போரின் உட்கருத்து. இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் அது அவர்க்கெதிராகவே திரும்பியது.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கியது. 1937-இல் நடந்த தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு கைப்பற்றியது. அவ்வாண்டு சூலைத் திங்களில் இராஜாஜி தலைமையில் அமைச்சரவை அமைந்தது; நிதித்துறையையும் அவரே ஏற்றார். பதவியேற்ற மூன்றாம் திங்களில், அஃதாவது 1937 அக்டோபர் முதல் நாளன்று, சேலம் மாவட்டம் முழுவதிலும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. தாம் நன்கறிந்த மாவட்டத்திலேயே முதற் சோதனையை அவர் நடத்தினார். 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் சட்டத்தைப் பரப்பாமல் மாவட்டம் மாவட்டமாகச் சென்றதற்குப் பணமுடையே பெருங்காரணம். ஒவ்வொரு மாவட்டத்தின் கடைகள் மூடப்படும்போதும் கருவூலத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அதோடு, கள்ளச்சாராயத்தைத் தடுக்கக் காவலுக்கும் செலவு மிகுந்தது.

மரமேறிகளின் நிலையும் எளிதில் தீர்வதாயில்லை. பரம்பரையாக மரமேறிப் பிழைத்தவர்க்குக் கள்ளிறக்குதல் ஒரே நாளிற் குற்றமாயிற்று. சுண்ணாம்பிட்ட கலயத்தில் பதநீர் இறக்கி வெல்லங் காய்ச்ச அவர்களுக்கு வழி விடப்பட்டது. கள்ளும் பதநீரும் ஒரே பாளையிற் சுரப்பவை. கலயத்திற் பூசும் சுண்ணாம்பு ஒன்றே வேறுபாடு. வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், சந்தை வேண்டும், விலையும் வேண்டும். கடை மூடியதால் வரியிழந்தது அரசாங்கம், பிழைப்பிழந்தவர் மரமேறிகள். மதுவிலக்கை வாழ்த்தி எழுதியவர்கள் இவர்களைப் பற்றிப் போதிய அளவு எழுதவில்லை.

அதே ஆண்டில் காந்தியடிகள் ‘அரிசன்’ இதழில் கல்வியைப் பற்றி எழுதிய கருத்தும் பெரிய விவாதத்தை எழுப்பியது. குழந்தைகளின் கல்வி மது வருவாயைச் சார்ந்து நிற்றல் நாட்டுக்கே இழிவு என்றும், கைத்தொழிலோடு இணைந்த கல்வி தன் செலவைத் தானே ஈடுசெய்து கொள்ளலாம் என்றும் அவர் கருதினார். 1937 அக்டோபரில் வார்தாவிற் கூடிய கல்வி மாநாட்டில் ஆதாரக் கல்வித் திட்டம் உருவாகியது. இராட்டையில் நூற்ற நூலின் விலை ஆசிரியர் சம்பளத்திற்கு உதவும் என்பது அதன் ஒரு கூறு. பள்ளிக்கூடத்தைக் கள்ளுக்கடையிலிருந்து மீட்டுப் பிள்ளைகளின் கைகளின்மேல் சுமத்துவதா என்று கல்வியாளர் பலர் வினவினர். அவ்வினா முறையானதே. சிறு பிள்ளைகளின் உழைப்பில் ஒரு நாட்டின் கல்விச் செலவு நடத்தல் கூடுமாவென்பது ஐயத்திற்குரியது. நடைமுறையிலும் அவ்வாறு நடக்கவில்லை.

ஆகவே, பள்ளத்தை நிரப்ப வேறு வழி காண வேண்டியதாயிற்று. முதலாவது வழி செலவைச் சுருக்குதல். காங்கிரசு அமைச்சர்கள் தம் மாதச் சம்பளத்தை 500 ரூபாயாகக் குறைத்துக்கொண்டனர். மக்கள் அதனைப் போற்றினர். ஆனால், அமைச்சர்களின் கீழிருந்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் அவர்களைக் காட்டிலும் பன்மடங்கு சம்பளம் பெற்றனர். அச்சம்பளத்தில் கைவைக்க மாகாணத்திற்குச் சட்டம் இடந்தரவில்லை. அமைச்சர் சம்பளத்தில் மிச்சப்பட்டது கடலிற் கரைத்த பெருங்காயம் போன்றதே. இரண்டாவது, நிலத்தீர்வையை உயர்த்துதல். 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள்களின் விலை வீழ்ந்து உழவர் கடனில் மூழ்கியிருந்தனர். அவர்களின் கடன் சுமையைக் குறைக்க 1938-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஒரு கையால் கடனைக் குறைத்து, மற்றொரு கையால் தீர்வையை உயர்த்துதல் ஆகுமோ?

மூன்றாவது வழி ஒன்றுண்டு. நிலத்தினின்றும் பெருவருவாய் பெறுவோர் மட்டும் செலுத்தும் வேளாண்மை வருமான வரி அது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரியை மாகாணங்களுக்கு உரியதாக்கியிருந்தது. பீகார் மாகாணம் 1938-இல் அதனை விதித்தது. அங்கும் ஆண்டது காங்கிரசு அமைச்சரவையே. சென்னை மாகாணம் அவ்வழியிற் செல்லவில்லை. சென்னையில் அத்தகைய வரி 1955-இல்தான், அதுவும் தேயிலை, காப்பி போன்ற தோட்டப் பயிர்களின் வருமானத்திற்கு மட்டுமே வந்தது. நிலவுடையோரின் செல்வாக்கு இதற்குக் காரணம் என்று சிலர் கூறுவர். ஆயிரக்கணக்கான சிறு பட்டாதாரர்களின் வருமானத்தை அளந்தறிதல் அரிது என்று வேறு சிலர் கூறுவர். இரண்டிலும் உண்மையில்லாமல் இல்லை.

சென்னை தேர்ந்தெடுத்தது நான்காவது வழி. அதே 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பொருள்களின் விற்பனைமேல் வரி விதிக்கும் உரிமையையும் மாகாணங்களுக்கு அளித்திருந்தது. அதனைக்கொண்டு 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏதேனும் ஒரு பொருளுக்கு மட்டுமின்றி விற்பனைக்கே பொதுவாக விதிக்கப்பட்ட வரி இந்தியாவில் இதுவே முதலாவது. அவ்வாண்டிலேயே மோட்டார் எண்ணெய்க்கும் புகையிலைக்கும் தனி விற்பனை வரிகளும், நாடகம், திரைப்படம் முதலிய கேளிக்கைகளுக்கு ஒரு வரியும் ஏற்பட்டன.

சட்டத்தை இயற்றியோர் வரியின் முறைமையைப் பற்றிக் கவலைகொள்ளாமல் இருந்தனர் என்று சொல்ல முடியாது. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்த சிறு கடைக்காரர்க்கு வரியே இல்லை. அதற்கு மேல் 20,000 ரூபாய் வரையில் விற்போர்க்கு மாதம் ஐந்து ரூபாய். அதனினும் மிகுந்தால் நூறு ரூபாய் விற்பனைக்கு அரை ரூபாய். உழவன் தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்றால் அது கணக்கிற் சேராது. கைத்தறித் துணி மட்டும் விற்போர்க்கும் விலக்கு உண்டு. வரி மிகக் குறைவு; ஆனால், பரப்பு மிக அகலம்.

இவ்வரி நடந்த விதத்தை ஒரு எடுத்துக்காட்டால் விளக்கலாம். உழவன் ஒருவன் 100 ரூபாய் மிளகாயை மண்டிக்காரர்க்கு விற்றான், அதற்கு வரியில்லை. மண்டிக்காரர் அதனை நகரத்து மொத்த வணிகர்க்கு விற்றார், எட்டணா வரி. மொத்த வணிகர் மற்றோர் ஊர்ப் பெருங்கடைக்காரர்க்கு விற்றார். மீண்டும் எட்டணாவுக்கு மேல். பெருங்கடைக்காரர் விற்றபோது மறுபடியும் வரி. கை மாறுந்தோறும் வரி ஏறியது. முன்னர்க் கட்டிய வரியும் விலையோடு சேர்ந்து, அதற்கும் வரி கட்ட நேர்ந்தது. எனவே, பல கைகள் மாறி வந்த பொருளின் மேல் பளுவும் மிகுதி. தானே நூற்று, தானே நெய்து, தானே விற்கும் பேராலையின் பொருளோ ஒரே முறை வரி கட்டியது. சிறு தொழிலாளர் பலர் கூடிச் செய்த பொருள் பலமுறை கட்டியது. இக்குறை பின்னாளில் வெகு காலம் பேசப்பட்டது.

வணிகர் இவ்வரியைக் கடுமையாக எதிர்த்தனர். வாங்குவோரிடம் வரியைத் தனியே கேட்டால் அவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். கேளாமற் போனால் தம் கையினின்றும் கட்ட வேண்டும். கணக்கெழுதத் தனி ஆள் வேண்டும். அதிகாரி வந்து பேரேட்டைப் புரட்டுவார். இவை அவர்கள் கூறிய குறைகள். இவற்றைக் காட்டிலும் ஆழமான குறை வேறொன்று. ஏழை தன் வருமானம் முழுவதையும் பொருள் வாங்குவதிலேயே செலவிடுகின்றான். செல்வனோ ஒரு பகுதியைச் செலவிட்டு எஞ்சியதைச் சேமிக்கின்றான். ஆகவே, விற்பனை வரி ஏழையின் வருமானத்தில் எடுக்கும் பங்கு செல்வனிடம் எடுக்கும் பங்கினும் மிகுதி. உப்பு வரி கொடிது என்று வேதாரணியத்திற்கு நடந்தவர், மிளகாய்க்கும் புளிக்கும் வரியிடலாமோ என்னும் வினா இங்கே எழுகின்றது.

மதுவிலக்கின் பக்கத்தினர் இதற்கும் விடை கூறினர். விற்பனை வரியைத் தனியே எடுத்து நோக்குதல் தவறு. எது போய் எது வந்தது என்பதையே நோக்க வேண்டும். போனது ஏழையிடமிருந்து மட்டுமே வந்த வரி. வந்தது ஏழையும் செல்வனும் சேர்ந்து செலுத்தும் வரி. கள்ளுக்கடையில் நாள்தோறும் இரண்டணா வைத்தவன் இப்போது மிளகாய்க்கும் துணிக்கும் சேர்த்து ஒரு மாதத்தில் வரியாகச் செலுத்துவது அவ்விரண்டணா அளவும் இராது. கள்ளுக்கடையை மிதியாத செல்வனோ, பட்டுக்கும் பாத்திரத்துக்கும் வரி செலுத்தத் தொடங்கினான். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஏழையின் பளு குறைந்ததேயன்றிக் கூடவில்லை.

இவ்விடை வலியுடையது, எனினும் அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைகள் மூடிய மாவட்டத்திற்கு மட்டுமே அது பொருந்தும். விற்பனை வரி மாகாணம் முழுவதற்கும் ஒருங்கே வந்தது; மதுவிலக்கோ நான்கு மாவட்டங்களில் நின்றது. தஞ்சையிலோ மதுரையிலோ இருந்த கூலியாள் கள்ளுக்கடையிலும் செலுத்தினான், மளிகைக் கடையிலும் செலுத்தினான். பழைய வரி இருக்கவே புதிய வரியும் வந்த இடத்தில் ஈடு என்னும் வாதம் நிற்காது. மதுவிலக்கு எஞ்சிய மாவட்டங்களுக்கும் விரைவில் வரும் என்ற நம்பிக்கையே அவ்வாதத்தைத் தாங்கி நின்ற தூண்.

வரியின் உரிமையைக் குறித்து நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. நிலக்கடலை எண்ணெயும் பிண்ணாக்கும் ஆட்டி விற்ற ஒரு வணிக நிறுவனம், ஆக்கியவரே முதன்முதல் விற்கும்போது விதிக்கும் வரி உண்மையில் உற்பத்தி வரியே என்றும், உற்பத்தி வரி மைய அரசாங்கத்திற்கே உரியது என்றும் வாதிட்டது. 1942-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. உற்பத்தி வரி பொருளை ஆக்குதலின்மேல் விழுவது. விற்பனை வரி அதனை விற்றலின்மேல் விழுவது. இரண்டும் ஒரே கையினின்று வாங்கப்படினும் தன்மையில் வேறு என்று தீர்ப்பாயிற்று. சென்னையின் வரி நிலைபெற்றது. பிற மாகாணங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

ஆனால், அத்தீர்ப்பு வந்தபோது வரியைக் கொண்டுவந்த அமைச்சரவை இல்லை. 1939 அக்டோபர் முதல் நாளன்று விற்பனை வரி நடைமுறைக்கு வந்தது. வட ஆர்க்காட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டதும் அந்நாளிலேயே. அத்திங்கள் முடிவதற்குள், இந்தியாவைக் கேளாமல் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. ஆட்சி ஆளுநர் கைக்குச் சென்றது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டு, மூடிய கடைகள் மீண்டும் திறந்தன. விற்பனை வரி மட்டும் நின்றது. கள்ளுக்கு ஈடாக வந்த வரி, கள் திரும்பி வந்த பின்னும் போகவில்லை. வரிக்குக் காரணம் நீங்கினாலும் வரி நீங்காது என்பதைக் குடிமக்கள் அப்போது கண்டுகொண்டனர்.

விடுதலைக்குப் பின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2-ஆம் நாள், மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. அப்போது விற்பனை வரியே அரசாங்கத்தைத் தாங்கியது. அதன் விகிதமும் பழைய அரை விழுக்காட்டினின்று ரூபாய்க்கு மூன்று தம்படியாக உயர்ந்திருந்தது. அதன் பின்னர் இருபதாண்டுகளுக்கு மேலாகச் சென்னை மாநிலம் மது வருவாயின்றியே பள்ளிகளைத் திறந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிந்ததும் அக்காலத்திலேயே. மது வருவாய் இல்லாமற் கல்வி நடவாது என்று 1937-இல் கூறியவர்க்கு இதைக் காட்டிலும் தெளிவான விடை இல்லை.

1971-இல் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடியும் நீக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு, 1982-இல், சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1983-இல் மது மொத்த விற்பனைக்கு அரசு நிறுவனம் ஒன்று அமைந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அந்நிறுவனமே நடத்தத் தொடங்கியது. பழைய நாளில் ஏலம் எடுத்த குத்தகைதாரர் இருந்த இடத்தில் அரசே அமர்ந்தது.

விற்பனை வரியின் வரலாறும் மாறியது. கைமாறுந்தோறும் வரிக்கு வரி ஏறும் பழைய குறையை நீக்க, தமிழ்நாட்டில் 2007 சனவரி முதல் நாளன்று மதிப்புக் கூட்டு வரி வந்தது. முன்னவர் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, பின்னவர் தாம் கூட்டிய மதிப்புக்கு மட்டும் செலுத்துவது அம்முறை. 2017 சூலை முதல் நாளன்று நாடு முழுவதற்கும் பொதுவான சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. மிளகாயும் துணியும் பாத்திரமும் மாநில விற்பனை வரியினின்று நீங்கி அப்பொது வரிக்குட் சென்றன. சில பொருள்கள் மட்டும் அதற்குள் அடங்காமல் மாநிலத்தின் வரிக்கே விடப்பட்டன. அவற்றுள் பெருவருவாய் தருபவை பெட்ரோலும் டீசலும் மதுவும். கள்ளுக்கடையை மூடுவதற்கென 1939-இல் பிறந்த வரியின் வழித்தோன்றல், இன்று மதுக்கடையிலும் எண்ணெய் நிலையத்திலுமே பெரும்பாலும் வாங்கப்படுகின்றது.